காரும் கோர்ட்டும்

சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு சராசரிக் குடும்பம் வக்கீலைத் தேடிப் போவது பெரும்பாலும் நிலப் பத்திரம், பாகப்பிரிவினை, திரும்பி வந்த காசோலை போன்றவற்றுக்காகத்தான் என்றால், சிட்னியிலும் மெல்பர்னிலும் அந்தக் காரணங்களின் வரிசையில் முன்னால் வந்து நிற்பது கார். இரண்டும் பரந்து விரிந்த நகரங்கள். நகர நடுவிலிருந்து 30, 40 கிலோமீட்டர் தள்ளி வீடு வாங்கியவர்களுக்குப் பால் வாங்குவதும், பிள்ளையைப் பரதநாட்டிய வகுப்பில் விடுவதும், வயதான பெற்றோரை மருத்துவரிடம் அழைத்துப் போவதும் கார் இல்லாமல் நடக்காது. வண்டிக்கு ஆண்டுதோறும் பதிவு, பதிவுக்குக் கட்டாயக் காப்பீடு, ஓட்டுபவருக்குப் படிப்படியாக வழங்கப்படும் உரிமம், ஏழு வயது நிரம்பாத குழந்தைக்கு அங்கீகரிக்கப்பட்ட தனி இருக்கை, பள்ளிக்கூட வாசலில் காலை 8 முதல் 9.30 வரையும் பிற்பகல் 2.30 முதல் 4 வரையும் 40 கிலோமீட்டர் வேகம் என்று ஒவ்வொரு அடியிலும் ஒரு விதி காத்திருக்கிறது. மெல்பர்ன் நகர நடுவில் டிராம் தண்டவாளங்களுக்கு இடம் விடுவதற்காக, வலப்பக்கம் திரும்ப வேண்டிய கார் இடக்கோடிக்குப் போய் நின்று, விளக்கு மாறிய பிறகு சுற்றித் திரும்ப வேண்டும் என்பது வரை விதி உண்டு. சிட்னியிலிருந்து வருகிறவர்களுக்கே அது திகைப்பைத் தரும். கொலை வழக்குகளும் அரசியலமைப்பு வழக்குகளும் செய்தித்தாள்களின் முதல் பக்கத்தை நிரப்பினாலும், புறநகர் வழக்கறிஞர் ஒருவருடைய அன்றாட வேலையில் கணிசமான பங்கு இந்த விதிகளைச் சுற்றியே நடக்கிறது.

ஆனால் ஆஸ்திரேலியச் சட்டத்தின் கற்பனையில் வாழும் சாதாரண மனிதருக்குக் கார் கிடையாது என்பது ஒரு வேடிக்கை. ஒருவர் அலட்சியமாக நடந்துகொண்டாரா என்று தீர்மானிக்க வேண்டிய நீதிபதி, அதே சூழ்நிலையில் நியாயமான ஒரு மனிதர் எவ்வாறு நடந்திருப்பார் என்ற அளவுகோலைப் பயன்படுத்துகிறார். ஞானியும் அல்லாத, முட்டாளும் அல்லாத அந்த மனிதரை இங்கிலாந்து நீதிபதிகள் லண்டனின் கிளாப்பம் பகுதிக்குப் போகும் ஆம்னிபஸ்ஸில் ஏற்றினார்கள். ஆஸ்திரேலிய வழக்கறிஞர்கள் அவரைத் தங்கள் ஊருக்கு இறக்குமதி செய்தபோது சிட்னியில் பாண்டை டிராமிலும் மெல்பர்னில் பர்க் தெரு டிராமிலும் அமர்த்தினார்கள். பாண்டை வழித்தடம் 1960-ல் மூடப்பட்டு, 1961-ல் சிட்னியின் பழைய டிராம்கள் யாவும் நின்றுபோயின. மெல்பர்னில் மட்டும் அவை இன்றும் ஓடுகின்றன. ஆகவே சிட்னியின் நியாயமான மனிதர் 60 ஆண்டுகளுக்கும் மேலாக, வராத டிராமுக்காகக் காத்திருக்கிறார். அவரால் அளக்கப்படும் மக்களோ காரில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அந்த அளவுகோல் காரோட்டிகள் மீது எவ்வளவு கண்டிப்பாகப் பாய்கிறது என்பதை 2008-ல் வெளிவந்த ஒரு தீர்ப்பு காட்டுகிறது. அதை வழங்கியது ஹை கோர்ட். இந்திய வாசகர்கள் குழம்பிவிடக் கூடாது, ஆஸ்திரேலியாவில் ஹை கோர்ட் என்பதுதான் நாட்டின் தலைமை நீதிமன்றம், மாநிலங்களின் மேல்நிலை நீதிமன்றங்களுக்கே அங்கே சுப்ரீம் கோர்ட் என்று பெயர். வட ஆட்புலத்தின் சரளைச் சாலை ஒன்றில், உரிமம் பெறாத 16 வயதுச் சிறுவனிடம் தம் பொறுப்பிலிருந்த டொயோட்டா லேண்ட்குரூஸரை ஓட்டக் கொடுத்துவிட்டு அருகில் அமர்ந்திருந்தார் ஒருவர். சாலையில் கிடந்த டயர்த் துண்டைக் கண்டு சிறுவன் வண்டியைச் சட்டென்று ஒடிக்க, அது உருண்டு, அருகில் இருந்தவரின் கைகால்கள் செயலிழந்தன. ஓட்டத் தெரியாதவன் என்று தெரிந்தே வண்டியைக் கொடுத்தவர், தேர்ந்த ஓட்டுநரிடம் எதிர்பார்க்கும் கவனத்தை அச்சிறுவனிடம் எதிர்பார்க்கலாமா என்பதே கேள்வி. 1986-ல் இதே நீதிமன்றம் எதிர்பார்க்க முடியாது என்று சொல்லியிருந்தது. 2008-ல் அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தவர் யாராக இருந்தாலும் அளவுகோல் ஒன்றே என்று அறிவித்தது. வண்டியைக் கொடுத்தவரின் சொந்தத் தவறுக்காக இழப்பீட்டில் 30 விழுக்காடு மட்டும் கழிக்கப்பட்டது.

பழகாத சிறுவனைத் தேர்ந்த ஓட்டுநராகப் பாவிப்பது முதல் பார்வைக்கு அநியாயமாகத் தோன்றும். ஆனால் இழப்பீட்டுத் தொகை சிறுவனின் உண்டியலிலிருந்து வருவதில்லை, கட்டாயக் காப்பீட்டிலிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகு அநியாயம் எந்தப் பக்கம் என்பதே மாறிவிடுகிறது; அந்த வழக்கை விசாரித்தவர்களில் ஒருவரான நீதிபதி மைக்கேல் கர்பி இதை வெளிப்படையாகவே எழுதினார், மற்றவர்கள் காப்பீட்டைக் காரணமாகக் காட்டாமலேயே அதே முடிவுக்கு வந்தார்கள். சிட்னி இருக்கும் நியூ சௌத் வேல்ஸ் மாநிலத்தில் இந்தக் காப்பீட்டுக்கு மக்கள் வழங்கும் பெயர் கிரீன் ஸ்லிப். தனியார் நிறுவனங்களிடம் அதை வாங்கிய பிறகுதான் காரைப் பதிவு செய்ய முடியும். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவிலோ அதற்கான தொகை பதிவுக் கட்டணத்தோடு சேர்ந்தே போய்விடுகிறது. 1986-ல் இயற்றிய சட்டத்தின் கீழ் அமைந்த போக்குவரத்து விபத்து ஆணையம் என்னும் அரசு நிறுவனம், தவறு யாருடையது என்று பாராமல் காயமுற்றவரின் மருத்துவச் செலவையும் ஊதிய இழப்பின் ஒரு பகுதியையும் ஏற்றுக்கொள்கிறது. தமிழ்நாட்டில் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் ஆண்டுக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்த குடும்பங்களை அறிந்தவர்களுக்கு, கோர்ட்டுக்குப் போகாமலேயே மருத்துவமனைக் கட்டணம் தீர்ந்துவிடும் இந்த ஏற்பாடு பொறாமை தரக்கூடியது. கடுமையான காயம் அடைந்து, பிறர் அலட்சியத்தையும் நிரூபிக்க முடிந்தவர் அதற்கு மேல் வழக்குத் தொடரலாம். வழக்கறிஞரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

விபத்து நடந்த பின் பணம் கொடுப்பதைவிட விபத்தையே குறைப்பது மலிவு என்பதை முதலில் உணர்ந்ததும் விக்டோரியாதான். 1969-ல் அம்மாநிலச் சாலைகளில் 1034 பேர் இறந்தார்கள். மெல்பர்னின் தி சன் நாளிதழ் அந்த எண்ணையே தலைப்பாக்கி ஓர் இயக்கம் நடத்தியது. 1970 டிசம்பரில், காரில் செல்வோர் இருக்கைப் பட்டை அணிவது சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது. உலகில் அதற்கு முன் வேறெங்கும் அவ்வாறு செய்யவில்லை. அண்மை ஆண்டுகளில் அங்கே சாலை மரணங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 300 என்ற அளவில் இருக்கின்றன, இத்தனைக்கும் இடைப்பட்ட காலத்தில் மக்கள்தொகை இரட்டிப்பாகியிருக்கிறது. அடுத்த பெரிய அடி மதுவின் மீது விழுந்தது. எந்தச் சந்தேகமும் இல்லாமலேயே எந்த வண்டியையும் நிறுத்தி ஓட்டுநரை ஊதச் சொல்லும் சோதனையை விக்டோரியா 1976-ல் தொடங்கியது. நியூ சௌத் வேல்ஸ் 1982 டிசம்பர் 17 அன்று அதைத் தீவிரமாக நடைமுறைப்படுத்தியபோது, குற்றம் செய்யாதவனைக் காவலர் வழிமறிப்பது குடிமகனின் உரிமைக்கு உகந்ததா என்ற வாதம் எழுந்தது. அடுத்த ஆண்டே மரணங்கள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோக, வாதத்தின் சுருதியும் இறங்கிவிட்டது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 0.05 கிராம் மது என்பது பொது எல்லை. பழகுநருக்கும் தற்காலிக உரிமம் பெற்ற இளைஞருக்கும் அந்த எல்லை பூஜ்யம். ஓட்டிக்கொண்டே கைப்பேசியைத் தொடுபவரை மேலிருந்து படம் பிடிக்கும் கேமராவைக் கொண்டு உலகில் முதன்முதலாக அபராதம் விதித்ததும் நியூ சௌத் வேல்ஸ்தான். 2020 மார்ச் முதல் அது நடந்துவருகிறது, 2024 ஜூலையிலிருந்து அதே கேமராக்கள் இருக்கைப் பட்டையையும் கவனிக்கின்றன.

வேகக் கேமராவின் கண்ணில் பட்டவர் வீட்டுக்கு வந்து சேரும் அபராத அறிவிப்பு, பார்வைக்கு மின்கட்டண ரசீது போன்ற சாதுவான தாள். அதில் வண்டியின் எண், இடம், நேரம், அனுமதிக்கப்பட்ட வேகம், பதிவான வேகம், கட்ட வேண்டிய தொகை, கடைசித் தேதி ஆகியவற்றோடு, பணத்தைவிடப் பலரும் அஞ்சுகிற இன்னொரு எண்ணும் இருக்கும். அதுதான் டீமெரிட் பாயிண்ட் எனப்படும் தண்டப் புள்ளி. முழு உரிமம் உள்ளவர் மூன்றாண்டுகளுக்குள் விக்டோரியாவில் 12, நியூ சௌத் வேல்ஸில் 13 புள்ளிகள் சேர்த்தால் உரிமம் இடைநிறுத்தப்படும். ஈஸ்டர், கிறிஸ்துமஸ் போன்ற நீண்ட விடுமுறைகளில் நியூ சௌத் வேல்ஸ் வேகம், கைப்பேசி, இருக்கைப் பட்டை ஆகியவை தொடர்பான தவறுகளுக்குப் புள்ளிகளை இரட்டிப்பாக்கிவிடும். அபராதத்தைப் பணக்காரர் புன்னகையோடு கட்டிவிடலாம், புள்ளி மட்டும் ஏழைக்கும் பணக்காரருக்கும் ஒன்றே என்பதால் இந்த ஏற்பாட்டில் ஒரு சமத்துவம் இருக்கிறது. கேமரா பிடிப்பது காரை, ஓட்டியவரை அன்று. எனவே வண்டியைத் தாம் ஓட்டவில்லை என்று சொல்லும் உரிமையாளர், யார் ஓட்டினார் என்ற பெயரை எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். பொய்யென்று தெரிந்தே எழுதினால் அது குற்றம் என்று அப்படிவமே எச்சரிக்கிறது. இந்தச் சிறிய கட்டத்தில் வேறொருவர் பெயரை எழுதும் ஆசைக்கு ஆளான மனிதர்களில், ஆஸ்திரேலிய நீதித்துறை வரலாற்றில் மறக்க முடியாதவர் மார்கஸ் ஐன்ஃபெல்ட்.

1938-ல் பிறந்த ஐன்ஃபெல்ட், சிட்னியின் புகழ்பெற்ற பாரிஸ்டர். 1986 முதல் 2001 வரை கூட்டரசு நீதிமன்றத்தின் நீதிபதி. நாட்டின் மனித உரிமை ஆணையத்துக்கு முதல் தலைவர். அகதிகளுக்காகவும் பழங்குடியினருக்காகவும் ஓயாமல் பேசியவர். 1997-ல் தேசத்தின் வாழும் செல்வங்களில் ஒருவராகக் கௌரவிக்கப்பட்டவர். 2006 ஜனவரியில் அவருடைய லெக்சஸ் கார் சிட்னியின் வடகரையிலுள்ள மோஸ்மன் பகுதியில், 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாத சாலையில் 60-ல் போனதாகக் கேமரா பதிவு செய்தது. அபராதம் 77 டாலர், கூடவே மூன்று புள்ளிகள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு 77 டாலர் ஒரு பொருட்டே அன்று. ஆனால் அவர் அதைக் கட்டவில்லை. அன்று காரை, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த பேராசிரியை ஒருவருக்கு இரவல் கொடுத்திருந்ததாக 2006 ஆகஸ்டில் உள்ளூர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சாட்சி சொன்னார். முன்னாள் நீதிபதியின் வார்த்தையை யார் சந்தேகிப்பார்? வழக்கு தள்ளுபடியாயிற்று.

நாளிதழ் நிருபர் ஒருவர் அந்தப் பேராசிரியையின் பெயரை இணையத்தில் தேடிப் பார்த்தார்; அவர் 2003-லேயே அமெரிக்காவில், அதுவும் ஒரு சாலை விபத்தில், இறந்துபோயிருந்தார். ஐன்ஃபெல்ட் அப்போதாவது நின்றிருக்கலாம். அவரோ அதே பெயர் கொண்ட வேறொரு பெண்மணியைப் பற்றித் தாம் சொன்னதாக விளக்கம் தந்து, அந்த இல்லாத பெண்ணுக்கு வரலாறும் கொடுத்து, நீண்ட அறிக்கை ஒன்றிலும் கையெழுத்திட்டார். அன்று தாம் தம் தாயாரின் டொயோட்டா கொரோலாவில் சென்றதாகச் சொன்னதை, தாயார் குடியிருந்த அடுக்ககத்தின் கேமராப் பதிவு பொய்யாக்கியது. கொரோலா அன்று வெளியே போகவே இல்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவர், பூசணிக்காயைச் சுற்றிச் சோற்றை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். 2008 அக்டோபரில் பொய்ச்சாட்சி சொன்னதையும் நீதியின் போக்கைத் திரிக்க முயன்றதையும் ஒப்புக்கொண்டார். 2009 மார்ச்சில், தம் 70ஆவது வயதில், மூன்றாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அதில் இரண்டாண்டுகள் கட்டாயம் உள்ளே இருந்தாக வேண்டும். அவருடைய பெயர் வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது, பட்டங்களும் பறிபோயின. 2011 மார்ச்சில் அவர் விடுதலையானார்.

தண்டனை மிகை என்று கருதுவோர் உண்டு. வேகத்துக்காக யாரும் சிறைக்குப் போகவில்லை என்பதே அதற்கான பதில். சாட்சிக் கூண்டில் நின்று சொல்லப்படுவது உண்மையாக இருக்கும் என்ற நம்பிக்கையின் மேல்தான் நீதிமன்றம் நிற்கிறது, அந்த நம்பிக்கையைக் காக்க அமர்த்தப்பட்டவரே அதை 77 டாலருக்கு உடைத்தால் அது வேலியே பயிரை மேய்ந்த கதை. இப்படிச் செய்தவர் ஐன்ஃபெல்ட் மட்டும் அல்லர். பிரிட்டனில் அமைச்சராக இருந்த கிறிஸ் ஹ்யூன், 2003-ல் தாம் வேகமாக ஓட்டியதற்கான புள்ளிகளை அப்போதைய மனைவியின் கணக்கில் ஏற்றிவிட்டு, 2013-ல் மனைவியும் தாமுமாக எட்டெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். இரண்டு வழக்குகளிலும் குற்றவாளிகளை அகப்படுத்தியது காவல்துறையின் சாமர்த்தியம் என்பதைவிடப் பத்திரிகைகளின் பிடிவாதம் என்பதே பொருந்தும்.

சாதாரண ஓட்டுநர்களின் வழக்குகள் இவ்வளவு நாடகத்தனமாக இருப்பதில்லை. சிட்னியின் லிவர்பூல் தெருவில், முன்பு மார்க் ஃபாய்ஸ் என்ற பெரும் அங்காடியாக விளங்கி 1991-ல் நீதிமன்ற வளாகமாக மாற்றப்பட்ட டவுனிங் சென்டர் என்னும் கட்டடத்தின் வெளிச்சுவரில், பட்டு, கையுறை என்று அந்நாளில் விற்ற பொருள்களின் பெயர்கள் ஓட்டில் பதித்தபடியே இருக்கின்றன. இத்தகைய உள்ளூர் நீதிமன்றங்களில் போக்குவரத்து வழக்குகள் வரிசையாக அழைக்கப்படும் காலைப் பொழுதில், இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கும் இளைஞர்களின் கையில் மூன்று நான்கு கடிதங்கள் இருக்கும். அவை முதலாளி, ஆசிரியர், சமூகப் பெரியவர் போன்றோர் நீதிபதியை விளித்து எழுதிய நன்னடத்தைச் சான்றுகள். எழுதியவருக்குக் குற்றம் என்னவென்று தெரியும் என்பது கடிதத்தில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் எத்தனை புகழ்ந்தாலும் நீதிபதி அதைப் பொருட்படுத்த மாட்டார். அதைச் சொல்லித் தருவதே வழக்கறிஞரின் பாதி வேலை. குற்றத்தை ஒப்புக்கொண்டவரையும் தண்டனைப் பதிவு இல்லாமல் விடுவிக்க நியூ சௌத் வேல்ஸின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10ஆம் பிரிவு இடமளிப்பதால், அந்த வளாகங்களில் அதிகம் உச்சரிக்கப்படும் சொல் செக்‌ஷன் டென். குடித்துவிட்டு ஓட்டியதாகப் பதிவாகிவிட்டால் உரிமம் மட்டுமன்றி வேலையும் போகக்கூடும் என்பதால், ஓர் இளைஞரின் எதிர்காலம் ஐந்து நிமிட வாதத்தில் தொங்குவதும் உண்டு.

இந்த வாதங்களைச் செய்வோர் இருவகை. கட்சிக்காரரை நேரில் சந்தித்து, கடிதம் எழுதி, ஆவணம் தயாரிப்பவர் சொலிசிட்டர்; பெரிய வழக்குகளில் அவர் அமர்த்த, அங்கி அணிந்து வாதாடுபவர் பாரிஸ்டர். பாரிஸ்டர்களைக் கட்டுப்படுத்தும் விதிகளில் ஒன்று வாடகைக் கார் நிறுத்தத்திலிருந்து பெயர் பெற்றது: வரிசையில் முதலில் நிற்கும் டாக்ஸி, வந்த பயணியின் முகம் பிடிக்கவில்லை என்று ஏற்ற மறுக்கக் கூடாது, அதுபோலத் தம் துறைக்குட்பட்ட வழக்கு, நேரமும் உண்டு, கட்டணமும் சரி என்றால் கட்சிக்காரர் எவ்வளவு வெறுக்கத்தக்கவராயினும் பாரிஸ்டர் மறுக்க முடியாது. சொலிசிட்டருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் அவரைக் கட்டிப்போடுவது கடிகாரம். பல அலுவலகங்களில் ஒரு மணி நேரம் ஆறு ஆறு நிமிடங்களாகப் பத்துத் துண்டாக்கப்பட்டு, எந்தத் துண்டு யாருடைய கணக்கில் சேரும் என்று நாள் முழுவதும் குறிக்கப்படுகிறது. இரண்டு நிமிடத் தொலைபேசி அழைப்பும் ஒரு துண்டுதான். சிட்னி, மெல்பர்ன் இரண்டுக்கும் 2015 ஜூலை முதல் பொதுவாக உள்ள வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்படி, கட்டணம் 750 டாலரைத் தாண்டும் என்றால் மதிப்பீட்டை முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும். வென்றால் மட்டும் கட்டணம் என்று ஒப்பந்தம் செய்யலாம், ஆனால் கிடைக்கும் இழப்பீட்டில் இத்தனை விழுக்காடு என்று பங்கு கேட்கக் கூடாது. விக்டோரியாவின் சுப்ரீம் கோர்ட்டில் நடக்கும் கூட்டு வழக்குகளுக்கு மட்டும் 2020 முதல் நீதிமன்ற அனுமதியோடு விலக்கு உண்டு.

புறநகர்ச் சொலிசிட்டரின் இந்த எளிய உலகத்தை ஆஸ்திரேலியர்கள் பாசத்தோடு நினைவில் வைத்திருப்பது 1997-ல் ராப் சிட்ச் இயக்கிய தி காசில் என்ற திரைப்படத்தால். மெல்பர்ன் விமான நிலையத்தை ஒட்டி வாழும் டோ டிரக் ஓட்டுநர் ஒருவரின் வீட்டை நிலையத்தின் விரிவாக்கத்துக்காகப் பறிக்க முயற்சி நடக்க, நகலெடுக்கும் இயந்திரத்தோடு போராடிக்கொண்டிருக்கும் டென்னிஸ் டினூட்டோ என்ற சின்ன வக்கீல் அரசியலமைப்பையே துணைக்கு அழைக்கிறார். நியாயமான ஈடு இல்லாமல் கூட்டரசு யாருடைய சொத்தையும் எடுக்க முடியாது என்ற 51ஆம் பிரிவின் வாசகம், சட்டக் கல்லூரிப் பக்கமே போகாத ஆஸ்திரேலியர்கள் பலருக்கும் தெரிந்திருப்பதற்கு இந்த நகைச்சுவைப் படமே காரணம்.

அரசியலமைப்பு உண்மையிலேயே காருக்குள் ஏறியது 2023-ல். பெட்ரோலுக்கு வரி கட்டாத மின்சாரக் கார்களிடமிருந்து சாலைக்கான பங்கைப் பெற வேண்டும் என்று விக்டோரியா 2021 ஜூலை முதல் கிலோமீட்டருக்கு 2.5 சென்ட் என்ற அளவில் கட்டணம் விதிக்கத் தொடங்கியது. உரிமையாளர்கள் ஓடிய தூரம் காட்டும் மீட்டரைப் படமெடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. இரண்டு மின்சாரக் கார் உரிமையாளர்கள் ஹை கோர்ட்டுக்குப் போனார்கள். பொருள்களின் மீதான கலால் வரியை விதிக்கும் அதிகாரம் கூட்டரசுக்கு மட்டுமே உண்டு என்று அரசியலமைப்பின் 90ஆம் பிரிவு சொல்கிறது. காரை ஓட்டும் தூரத்துக்கான கட்டணமும் காரின் மீதான வரியே என்று 2023 அக்டோபர் 18 அன்று நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. அதுவரை பொருளை உற்பத்தி செய்வது, விற்பது போன்ற கட்டங்களில் விழும் வரியே கலால் என்று கருதப்பட்டது. நுகர்வுக் கட்டத்தில் விழுவதும் கலால்தான் என்று இத்தீர்ப்பு விரித்ததால், மாநிலங்கள் நெடுங்காலமாக வசூலித்துவரும் வேறு வரிகளும் ஆட்டம் காணலாம் என்று மறுத்து எழுதிய நீதிபதிகள் கவலைப்பட்டார்கள். அந்தக் கவலை நியாயமானது. ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை சென்ட் என்ற சில்லறைக் கணக்கு, மாநிலங்களின் கஜானாவையே கேள்விக்குள்ளாக்கிவிட்டது.

பழுதான காரை வாங்கியவரின் நிலையும் முன்பைவிடத் தேறியிருக்கிறது. 2011 ஜனவரி முதல் நடப்பிலுள்ள நுகர்வோர் சட்டம், பெரும் பழுது இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கவோ மாற்றுப் பொருள் பெறவோ உரிமை தருகிறது. கியர்பெட்டிக் கோளாறு குறித்து வந்த புகார்களைக் கையாண்ட விதத்துக்காக ஃபோர்டு நிறுவனத்துக்கு 2018-ல் ஒரு கோடி டாலர் அபராதமும், மாசு அளவில் ஏமாற்றியதற்காக ஃபோக்ஸ்வாகனுக்கு 2019-ல் 12.5 கோடி டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. அந்நாட்டிலேயே பெருமளவில் கார் செய்யும் தொழில் 2017-ல் முடிந்துபோனது, காருக்கான வழக்குகள் மட்டும் ஓயவில்லை.

2021 கணக்கெடுப்பில் வீட்டில் தமிழ் பேசுவோர் என்று 95,000-க்கும் மேற்பட்டோர் பதிவான அந்நாட்டில், புதிதாகக் கார் வாங்கிய குடும்பம் முதலில் போகும் இடங்களில் ஒன்று கோயில். சிட்னிக்குத் தெற்கே ஹெலன்ஸ்பர்க் வேங்கடேஸ்வரர் கோயில் போன்ற தலங்களில் மாலை சூட்டி, குங்குமம் இட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து வண்டிக்குப் பூசை நடக்கிறது. கிரீன் ஸ்லிப் நிறுவனம் அதற்குத் தள்ளுபடி தருவதில்லை என்றாலும் பூசை குறையவில்லை. குடும்பங்கள் அதே கவனத்தைத் தாள்களின் மீதும் செலுத்துவது நல்லது. இந்திய, இலங்கை உரிமங்கள் அங்கே நேரடியாக மாற்றித் தரப்படும் நாடுகளின் பட்டியலில் இல்லாததால், அறிவுத் தேர்விலும் ஓட்டும் தேர்விலும் தேற வேண்டும். நியூ சௌத் வேல்ஸில் 2023 ஜூலை முதல், தற்காலிக விசாவில் வந்து தங்குபவரும் ஆறு மாதத்துக்குள் உள்ளூர் உரிமத்துக்கு மாறியாக வேண்டும். கெடு முடிந்த பின் பழைய உரிமத்தோடு ஓட்டுவது உரிமமே இல்லாமல் ஓட்டுவதற்குச் சமம். விபத்து நேர்ந்தால் காருக்கான காப்பீட்டிலும் சிக்கல் வரும். கணவர் ஓட்டியதற்கு மனைவி பெயரையும், மகன் ஓட்டியதற்கு ஊரிலிருந்து வந்துபோன மாமா பெயரையும் படிவத்தில் எழுதும் யோசனையை யார் எத்தனை நல்லெண்ணத்தோடு சொன்னாலும் ஏற்க வேண்டாம். தவறு செய்யவில்லை என்று நம்புகிறவர் மறுபரிசீலனை கோரலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். இரண்டுக்குமான வழியும் கெடுவும் அந்த அறிவிப்புத் தாளிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன, ஆகவே உறையைப் பிரிக்காமல் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடக் கூடாது.